மணி அடித்த தேயிலைப் பெட்டி

அமிர்தலிங்கம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் மனைவிக்குப் பயப்படுவதில்லை.

முடிவு எடுத்த இடம் தாப்பா மலைப்பாதை. தேயிலை லோரியின் முன்சீட்டு. மனைவி அங்கிருந்து வெகு தூரத்தில், பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டத்தில், கிராணி வீட்டில் இருந்தாள். துணிச்சலான முடிவுகளுக்கு அது போதுமான தூரம்.

லோரி ஒரு வளைவு திரும்பியது. பின்னால் அடுக்கியிருந்த காலித் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டிங்.

"கிராணி, பின்னால மணி அடிக்குது," என்றான் டிரைவர் சின்னையா.

"ரோடு அப்படி."

"ரோடு எனக்குத் தெரியும்லா. இத்தனை வருஷமா ஓட்டறேன். இந்த வளைவுல வாந்திதான் வரும். மணி வந்ததில்ல."

"நேராப் பாத்து ஓட்டு."

வளைவுக்கு வளைவு மணி அடித்தது. வளைவுக்கு வளைவு அமிர்தலிங்கத்தின் துணிச்சல் ஒரு படி இறங்கியது. லோரி மலை ஏற ஏற, மனைவி கிட்ட வந்துகொண்டே இருந்தாள்.

அமிர்தலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. எதையும் இரண்டு தரம் யோசிப்பார். யோசித்த பிறகு, ஏன் யோசித்தோம் என்று மூன்றாம் தரம் யோசிப்பார். இப்படிப்பட்டவர் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு வாராவாரம் கீழே ஈப்போ டவுனுக்குப் போய்வருகிறார் என்றால், குற்றம் கம்ப்யூட்டருடையது.

எண்பத்து நாலாம் வருஷம் தோட்டத்து ஆபீசுக்கு அது வந்தது. ஜனங்கள் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும் மலையில், அதற்கென்று ஓர் ஏர்கான் அறை. உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். பச்சை எழுத்தில் அது கேள்வி கேட்கும். பதில் தப்பென்றால் அதே கேள்வியை மறுபடி கேட்கும். மறுபடியும் தப்பென்றால் பேசாமல் இருந்துவிடும். குடும்பஸ்தரான அமிர்தலிங்கத்துக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

பழக்கமில்லாத ஒன்று, மேசையில் உண்டான வெற்றிடம். கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரை இறக்கி வைத்த கையோடு, அவருடைய பழைய கணக்கு மெஷினை இரும்புக் கடைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கறுப்பு மெஷின். முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன நெம்புகோல்கள். வலது பக்கம் ஒரு கைப்பிடி. எண்ணை வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கூட்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கழிக்கும். இருப்பதைவிட அதிகமாகக் கழித்துவிட்டால் 'டிங்' என்று மணி அடிக்கும். மனுஷனுக்குள்ளேயும் இப்படி ஒரு மணி இருந்தால் எத்தனை தப்புகளை நிறுத்தியிருக்கலாம் என்று அவர் பல நாள் யோசித்ததுண்டு.

கம்ப்யூட்டரைப் பழக அவரை ஈப்போவில் ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை காலையில் தேயிலை ஏற்றிப் போகும் லோரியில் போய், அதே லோரியில் திரும்ப வேண்டும். முதல் நாள் வகுப்பு மத்தியானமே முடிந்துவிட்டது. லோரி கிளம்பச் சாயங்காலம் ஆகும். கால்போன போக்கில் நடந்தவர், கிந்தா ஆற்றுப் பாலத்தில் போய் நின்றார்.

நின்றவர் நின்றவர்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய டவுன். ஈயம் விற்ற காசில் எழும்பிய ஊர். தூண் வைத்த கட்டடங்கள், வளைவு வைத்த கட்டடங்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் சீனக் கடைவீடுகள். மழையில் கறுத்த சுவர்களில் சுண்ணாம்புப் பூக்கள், பச்சைப் பலகை ஜன்னல்கள். அப்பால் வெள்ளை வெளேரென்று ரயில் ஸ்டேஷன் கும்மட்டம். ஆறு என்னவோ தேத்தண்ணி நிறத்தில்தான் ஓடியது. ஆனாலும் அதில் அந்தக் கட்டடங்கள் தலைகீழாக விழுந்து ஆடியபோது, அமிர்தலிங்கத்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்தார். தெரியவில்லை. தெரியாமலேயே இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக விட்டுவிட்டார்.

வகுப்பு இரண்டு சனிக்கிழமையில் முடிந்துபோனது. அமிர்தலிங்கம் முடிக்கவில்லை. ஆபீசில் லீவு சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

"இந்த வாரமும் வகுப்பா?" என்பாள் மனைவி நீலாவதி.

"ஆமா."

"இன்னுமா பாஸாகல?"

"பாடம் பெருசு நீலா."

"ஆபீஸ் பையன் ஒரு வாரத்துல கத்துக்கிட்டானாமே."

"அவனுக்குச் சின்னப் பாடம்."

உண்மையைச் சொன்னால் என்ன? "கட்டடம் பாக்கவா ஈப்போ போறீங்க? நம்ம வீட்டுக் கூரை ஒழுகுதே, அதை அண்ணாந்து பாத்தீங்களா?" என்பாள். நியாயமான கேள்வி. அதுதான் தொல்லை. தவிரவும், கட்டட அழகெல்லாம் நீலாவதிக்குப் புரியாது என்று அவர் நம்பினார். கேட்டுப் பார்த்ததில்லை. கேட்காமல் நம்புவது சுலபமாக இருந்தது.

இப்படிப் போய்வந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஆற்றங்கரைச் சந்தில் ஒரு பழைய சாமான் கடையைப் பார்த்தார். உள்ளே, ஓட்டைக் குடைகளுக்கும் ஒற்றைக் கால் நாற்காலிக்கும் நடுவே, தூசி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு கறுப்பு மெஷின். அவருடைய ஆபீஸ் மெஷினின் கூடப் பிறந்தது. கைப்பிடியைப் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார்.

டிங்.

கடைக்காரச் சீனத் தவுக்கே நிமிர்ந்து பார்த்தபோது, அமிர்தலிங்கத்தின் கண்ணில் நீர் நிற்பதைக் கண்டு விலையை ஏற்றிச் சொன்னார். அமிர்தலிங்கம் பேரம் பேசவில்லை.

விலையைவிடப் பெரிய சங்கடம் வீட்டில் இருந்தது. ஏற்கெனவே அவர் பாடாத ஒரு ரேடியோவையும், ஓர் எழுத்து உதிர்ந்த டைப்ரைட்டரையும், கூட்டத் தெரிந்து கழிக்கத் தெரியாத ஒரு மெஷினையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மூன்றாவது வந்த அன்றைக்கே நீலாவதி சட்டம் போட்டுவிட்டாள்.

"இனிமே இந்த வாசப்படியை இரும்பு தாண்டினா, அது வெங்காயம் நறுக்கறதா இருக்கணும். இல்லேன்னா நான் தாண்டிடுவேன்."

ஆகவேதான் மெஷின் தேயிலைப் பெட்டிக்குள் போனது. தோட்டத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் தேயிலைப் பெட்டி இருக்கும். பலகையடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய சதுரப் பெட்டி. அரிசி கொட்டி வைக்க அது, துணி வைக்க அது, விருந்தாளி உட்கார அது. ஒரு வீட்டுக்குள் புதிதாக ஒரு தேயிலைப் பெட்டி வந்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

நீலாவதி பூனை அல்ல.

"என்னங்க இது?"

"பெட்டி."

"பெட்டின்னு தெரியுது. உள்ள?"

அமிர்தலிங்கம் மூன்று நாலு பொய்களைத் தயாரித்து வைத்திருந்தார். எல்லாம் தாப்பா வளைவுகளில் கலங்கிப்போயிருந்தன. வாய்க்கு வந்தது இதுதான்: "துரையோட சாமான். பங்களாவுக்கு வெள்ளை அடிக்கிறாங்க. கொஞ்ச நாள் பத்திரமா வச்சிருங்க கிராணின்னாரு."

அந்த நேரம் பார்த்துச் சின்னையா பெட்டியைத் தரையில் இறக்கினான்.

டிங்.

மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"மணி அடிக்குதே?"

"கடிகாரம். துரையோட பழைய கடிகாரம்."

"கடிகாரம்னா மணியாகும்போதுல்ல அடிக்கணும். கீழ வச்சா அடிக்குது?"

"கெட்டுப்போன கடிகாரம்."

"கெட்டுப்போனதையா பத்திரமா வைக்கச் சொன்னாரு?"

"துரைங்க அப்படித்தான்."

நீலாவதி சின்னையாவைப் பார்த்தாள். சின்னையா கூரையைப் பார்த்தான்.

"சரி. துரை சாமான்னா பத்திரமாத்தான் வைக்கணும்," என்றாள் நீலாவதி.

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அமிர்தலிங்கம் அன்று திருப்தியாகச் சாப்பிட்டார். சுலபமாக முடிந்ததுதான் ஆபத்து என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூன்று தரம் யோசிக்கிறவர், அன்று பார்த்து ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே சாம்பிராணி மணம். உள்ளே பெட்டிமேல் மஞ்சள் துணி விரித்திருந்தது. துணிமேல் பிள்ளையார், முருகன், லட்சுமி, மாரியம்மன் படங்கள். பூச்சரம். நடுவில் குத்துவிளக்கு எரிந்தது.

"நீலா... இது..."

"சாமிப் பலகையைச் சரி பண்ணிக் குடுங்கன்னு ஒரு வருஷமாச் சொல்றேன். நீங்க அடிச்ச பலகை ஒரு பக்கம் சாஞ்சு, பிள்ளையார் தெனம் வழுக்கிக்கிட்டு மூலைக்குப் போறாரு. பெட்டி நல்லா கெட்டியா இருக்கு."

"அது துரை சாமான்!"

"அதனாலதான். இதைவிடப் பத்திரமான எடம் இந்த வீட்ல ஏது? சாமிக்குக் கீழ இருக்கிறதை எவன் தொடுவான்? விளக்கு ஏத்தியாச்சு. இனி தை பொறக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது."

அமிர்தலிங்கம் விளக்கைப் பார்த்தார். விளக்கு அமைதியாக எரிந்தது.

அன்று முதல் தோட்டம் அமிர்தலிங்கத்தைப் பற்றி வேறு விதமாகப் பேசத் தொடங்கியது. தீபாவளிக்குக்கூட இழுத்துக்கொண்டு போனால்தான் கோவிலுக்கு வருகிற மனுஷர், சாயங்காலமானால் கைகால் கழுவிக்கொண்டு சாமிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். வலது கை மட்டும் மெல்ல எதையோ சுற்றுகிறது.

"அண்ணனுக்குப் பக்தி முத்திப்போச்சு," என்றாள் பக்கத்து வீட்டுச் சரோஜா.

"வயசாவுதுல்ல," என்றாள் நீலாவதி. "சாமி முன்னால உக்கார்றவரு வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தமா இருந்தாப் போதுமா? செவ்வாய்க்கிழமையும் மீன் கிடையாதுன்னுட்டேன்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்ல முடியாதுலா," என்று நீலாவதி சிரித்தாள்.

உண்மையில் சொல்ல முடியவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர் பக்திமானாகிவிட்டார். பக்தியைக் காப்பாற்றச் செவ்வாய்க்கிழமை மீன் போனது. பொய்க்குக் குறுக்குவழி என்று பெயர் வைத்தவன் இந்த மாதிரி ஒரு வீட்டில் இருந்து பார்த்திருக்க மாட்டான்.

ஒரு சனிக்கிழமை நீலாவதி, சரோஜாவின் அக்காள் மகளுக்குத் தானா ராத்தாவில் சடங்கு என்று காலையிலேயே கிளம்பிப் போனாள். பெட்டி வந்ததிலிருந்து, வகுப்புக்குக் கொஞ்ச நாள் லீவு என்று சொல்லி ஈப்போ போகாமலிருந்த அமிர்தலிங்கம், அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு ஓடி வந்தார். வீட்டில் யாரும் இல்லை. பெட்டியும் அவரும்தான். திறந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கைப்பிடியைத் தொட்டுவிட்டால் போதும்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போகும்போது நிறைய எண்ணெய் விட்டுவிட்டுப் போயிருந்தாள். மாரியம்மன் நேராக அவரையே பார்த்தாள். இந்தப் படத்தைப் பல வருஷமாகப் பார்க்கிறார். இன்றைக்குத்தான் அந்த முகத்தில் நீலாவதியின் சாயல் தெரிந்தது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பெட்டியின் பக்கப் பலகையைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். மணி அடிக்கவில்லை. சாமிக்குக் கீழே இருந்து இருந்து அதுவும் அடங்கிவிட்டது போலும் என்று நெகிழ்ந்துபோனார்.

அந்த வாரத்திலிருந்து மிளகாய்ச் சம்பலின் ருசி மாறியது.

"என்ன நீலா, மொளகா சரியா அரையலியே?"

"சரோஜா வீட்டு அம்மி. அப்படித்தான் இருக்கும்."

"நம்ம அம்மிக்கு என்ன?"

"தேஞ்சுபோச்சு. கொத்தக் குடுத்திருக்கேன்."

"எப்ப வரும்?"

"கொத்தறவனுக்கு எப்ப மனசு வருதோ அப்ப."

அதே வாரம் வீட்டுக்கு ஒரு தையல் மெஷினும் வந்தது. கையால் சுற்றுகிற பழைய மெஷின். கறுப்பு உடம்பில் தங்க நிறக் கொடி ஓடியது. சட்டம் போட்டவள் வீட்டுக்குள் இரும்பு! அமிர்தலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிடி கிடைத்ததில்லை.

"இரும்பு வாசப்படி தாண்டக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்க."

"இது சரோஜாவுது. அவ வீட்ல எடமில்ல. கொஞ்ச நாள் பத்திரமா வச்சிருக்கச் சொன்னா." நீலாவதி நூலைக் கோத்தாள். "அடுத்தவங்க சாமானைப் பத்திரமா வைக்கிறது நம்ம வீட்ல வழக்கம்தானே?"

பிடி நழுவியது. ஆனாலும் நல்ல பழைய மெஷினைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. மறுநாளே எண்ணெய்க் குப்பியோடு உட்கார்ந்தார். துருவைச் சுரண்டினார். துணியால் துடைத்துத் துடைத்துத் தங்கக் கொடியை மின்ன வைத்தார். கைப்பிடியைச் சுற்றியபோது சக்கரம் பட்டுப் போல் ஓடியது. பெட்டிக்குள் இருக்கும் மெஷினுக்குத் துரோகம் செய்கிறோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"என்னா ஜாமான் தெரியுமா இது? சரோஜாவுக்கு அதிர்ஷ்டம்தான். பதிலுக்கு என்ன குடுத்தாலும் தகும்."

"அப்படியா சொல்றீங்க?" என்றாள் நீலாவதி. அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எதற்கென்று அவர் கேட்கவில்லை.

தை பிறக்கும் வரை பொறுக்க அமிர்தலிங்கத்தால் முடியவில்லை. அவருக்கு ஒரு யோசனை வந்தது. விளக்கேற்றிய இடத்தை அசைக்கக் கூடாது என்றால், அசைக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? தோட்டத்து மாரியம்மன் கோவில் பூசாரி பக்கிரிசாமிக்கு.

தோட்டத்தில் விளையும் முதல் ரகத் தேயிலையைத் தோட்டத்து ஜனங்கள் கண்ணால் பார்ப்பதோடு சரி. அது லோரியேறிப் போய்விடும். அவர்கள் குடிப்பது சலித்த மிச்சம். அமிர்தலிங்கம் முதல் ரகத்தில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு பூசாரியிடம் போனார்.

"சாமி, நம்ம வீட்டுச் சாமி மேடை தெசை சரியில்லேன்னு ஒரு எண்ணம்."

பூசாரி பொட்டலத்தை மோந்து பார்த்தார். "எண்ணம் சரிதான் கிராணி. தெசை தப்பு."

"இன்னும் நீங்க பாக்கவே இல்லியே?"

"வாசனையே சொல்லுதே!"

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசாரி வந்தார். விபூதிப் பையோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார். "அம்மா தெக்கே பாக்கறா. ஆகாது. மேடையைக் கிழக்குச் சுவத்துக்கு மாத்தணும். கீழ இருக்கிற பெட்டியையும் காலி பண்ணணும். சாமிக்குக் கீழ அடுத்தவங்க பொருள் இருக்கக் கூடாது."

நீலாவதி எதிர்ப்பாள், அழுவாள், சண்டை போடுவாள் என்று அமிர்தலிங்கம் ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்திருந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"அப்படியா சாமி? அப்ப இப்பவே எடுத்துடுவோம். சரோஜா! சின்னையாவைக் கூப்பிடு."

தயாரித்த பதில்கள் எல்லாம் அமிர்தலிங்கத்தின் கையிலேயே தங்கிவிட்டன.

படங்களை எடுத்துக் கிழக்குச் சுவர் ஓரம் வேறொரு பெட்டியில் வைத்தார்கள். சின்னையா வந்து பழைய பெட்டியை அணைத்துத் தூக்கினான். "யம்மா" என்று முனகினான். அமிர்தலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டார். சின்னையா கூடத்தின் நடுவில் பெட்டியை இறக்கினான்.

தொம்.

டிங் இல்லை.

"இன்னொரு தடவை வை," என்றார் அமிர்தலிங்கம். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

தொம்.

அவரே ஆணியைப் பிடுங்கி மூடியைத் திறந்தார். கோணிச்சாக்கு. சாக்கை விலக்கினார். உள்ளே, நன்றாகக் கழுவித் துடைத்து, வீட்டு அம்மி படுத்திருந்தது. பக்கத்தில் குழவி.

 முதலில் அலறியது நீலாவதிதான்.

"ஐயையோ! துரையோட கடிகாரம் எங்க?"

அமிர்தலிங்கம் சாக்கை இன்னொரு தரம் விலக்கிப் பார்த்தார்.

"நம்பிக் குடுத்தாரே மனுஷன்! என்னங்க, நிக்கிறீங்களே! சட்டையைப் போடுங்க. இப்பவே பங்களாவுக்குப் போயி துரைகிட்டச் சொல்லிடலாம். நானும் வர்றேன். சாமி, நீங்களும் வாங்க. சாட்சி."

"வர்றேன்மா," என்றார் பூசாரி.

"வேணாம்," என்றார் அமிர்தலிங்கம்.

"ஏன் வேணாம்? திருட்டுப் போயிருக்கு! போலீஸ்ல சொல்ல வேணாமா? பிரிஞ்சாங்குக்கு ஆள் அனுப்பணுமா இல்லியா?"

"நீலா, வேணாம்."

"துரை என்ன நெனைப்பாரு? பெரிய கிராணி வீட்டுல—"

"அது துரையோடது இல்ல!"

"பின்ன?"

அமிர்தலிங்கம் பூசாரியைப் பார்த்தார். சின்னையாவைப் பார்த்தார். வாசலில் நின்ற சரோஜாவைப் பார்த்தார். யாரும் வீட்டுக்குப் போவதாகத் தெரியவில்லை. அம்மியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்னோடது. கணக்கு மெஷின். ஈப்போவுல வாங்கினேன்."

"வகுப்புல விக்கிறாங்களா?"

"வகுப்பு... எப்பவோ முடிஞ்சிருச்சு."

"அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை?"

"பாலத்துல நின்னு கட்டடம் பாத்துக்கிட்டிருந்தேன்." சொன்ன பிறகுதான், அதைச் சொல்வது இவ்வளவு சின்ன விஷயமா என்று அவருக்கு இருந்தது. இதற்காகவா இத்தனை செவ்வாய்க்கிழமை?

நீலாவதி அவர் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மணி அடிச்ச அன்னைக்கே தெரியும்," என்றாள். "நாள் முழுக்க ஏர்கான் ரூம்ல படிக்கிறவருக்குக் கழுத்து வெய்யில்ல கறுத்துப்போகுமா? சின்னையாகிட்டக் கேட்டேன். சொல்லிட்டான்."

"டேய்!" என்றார் அமிர்தலிங்கம்.

"கிராணி, நீங்க சொல்லாதேன்னு சொல்லவே இல்லியே. ரோடப் பாத்து ஓட்டுன்னுதான் சொன்னீங்க," என்றான் சின்னையா.

"மெஷின் எங்க நீலா?"

"அதுக்குத்தான் எண்ணெய் போட்டுத் துடைச்சீங்களே."

அவருக்குப் புரியவில்லை. நீலாவதி மூலையைக் காட்டினாள். தங்கக் கொடி மின்ன, தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது.

"சரோஜா வீட்டுச் சடங்குன்னு போனேன்ல? லோரில ஈப்போ போனோம், நானும் சரோஜாவும். அந்தத் தவுக்கேகிட்ட மெஷினைக் குடுத்துட்டு மெஷினை வாங்கிட்டு வந்தேன். சமமா மாத்திக்கிட்டாரு. எடுத்த எடத்துல கனம் கொறையக் கூடாதுன்னு அம்மியை வச்சேன். நீங்கதான் சொன்னீங்க, பதிலுக்கு என்ன குடுத்தாலும் தகும்னு."

சொன்னது உண்மை. அமிர்தலிங்கம் கடைசி நம்பிக்கையாகப் பூசாரியின் பக்கம் திரும்பினார். பூசாரி தேயிலைப் பொட்டலத்தை மனதில் வைத்தாவது ஏதாவது சொல்ல வேண்டாமா?

"அம்மனுக்குப் புதுப் பாவாடை தைச்சுக் குடுத்துச்சு உங்க வீட்டம்மா," என்றார் பூசாரி. "கிராணி தெசை பாக்கக் கூப்பிட்டாருன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். பாவாடை வேற, தேயிலை வேற. தேயிலை நல்லாவே இருந்துச்சு." விபூதிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எல்லாரும் போன பிறகு அமிர்தலிங்கம் காலிப் பெட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். நீலாவதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை.

"அந்தப் பச்சை ஜன்னல் வீடு இருக்குல்ல, பாலத்துக்கிட்ட? அதுக்கு உச்சியில ரெண்டு சிங்கம் உக்காந்திருக்கு. ஒண்ணுக்கு வாலு ஒடைஞ்சுபோச்சு. பாத்தீங்களா?"

அமிர்தலிங்கம் யோசித்தார். அந்த வீட்டை எத்தனையோ சனிக்கிழமை பார்த்திருக்கிறார். தண்ணீரில் தலைகீழாகப் பார்த்திருக்கிறார்.

"இல்லியே."

"அண்ணாந்து பாக்கணும்ங்க." அவள் கண் எங்கேயோ போயிருந்தது. "சாயங்கால வெய்யில் அந்த வெள்ளைக் கும்மட்டத்துல விழுந்துச்சு பாருங்க... சரோஜாவும் நானும் அசையவே இல்ல. சின்னையா ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டான். இத்தனை நாள் நீங்க தனியாவே பாத்துட்டு வந்திருக்கீங்க."

அமிர்தலிங்கத்துக்குள் ஏதோ ஒரு மணி அடித்தது. இவளுக்குப் புரியாது என்று எந்தக் கணக்கில் கழித்தோம்?

"நீலா," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் போவோம்."

"போலாமே," என்றாள் நீலாவதி.

அந்த வாரம் முழுக்க அமிர்தலிங்கம் உற்சாகமாக இருந்தார். சனிக்கிழமைக்கு லீவு சொன்னார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தக் கட்டடம் முதலில் தெரியும் என்று அவளுக்கு விளக்க, மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்தார். தவுக்கே கடைப் பக்கம் போகும்போது அந்தக் கறுப்பு மெஷினை ஒரு தரம் சுற்றிப் பார்க்கலாம் என்பதும் மனதின் ஓரத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலை, பனி கலையுமுன் லோரி வந்து நின்றது. அமிர்தலிங்கம் கதவுப் பூட்டைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினார். முன்சீட்டில் சின்னையாவுக்குப் பக்கத்தில் சரோஜா. சரோஜாவுக்குப் பக்கத்தில், பட்டுச் சேலையில் நீலாவதி. அதற்கு மேல் அங்கே ஒரு குடைகூட நுழையாது.

"நான் எங்க உக்கார்றது?"

"பின்னால தேயிலை இருக்கே. சட்டை வீணாயிடும்," என்றாள் நீலாவதி கவலையாக. "சரோஜா, கொஞ்சம் தள்ளுடி, கதவைச் சாத்தணும்."

"ரெண்டு பேரும் போவோம்னு சொன்னேனே!"

"ரெண்டு பேருதாங்க போறோம்."

சின்னையா ரோட்டைப் பார்த்தான். லோரி உறுமியது. அமிர்தலிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தார்.

"அடுத்த வாரமாவது நான்..."

"அடுத்த வாரமும் நாங்க போகணுமே."

"எத்தனை வாரம்தான் போவீங்க?"

நீலாவதி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

"பாடம் பெருசுங்க."